அல்ட்ரா-ன்னா “ரொம்ப”வா, “அப்பால்”ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்ட்ரா ஸ்கேன், அல்ட்ரா ஹெச்டி, அல்ட்ரா லைட், அல்ட்ரா மாடர்ன்னு எங்க பாத்தாலும் இந்த ஒட்டு இருக்கு. யாரைக் கேட்டாலும் “சூப்பருக்கும் மேல, ரொம்ப ரொம்ப”ன்னுதான் அர்த்தம் சொல்றாங்க. அது முழுசா தப்பில்ல, ஆனா அந்தச் சொல்லோட உயிர் அங்க இல்ல. அது எங்க இருக்குன்னு காட்டத்தான் இந்தக் கேள்வி பதில்.

அல்ட்ரா எந்த மொழிச் சொல்? நேரடி அர்த்தம் என்ன?

லத்தீன். அங்க இது ஒட்டு மட்டும் இல்ல, தனியா நிக்கிற முழுச் சொல்லும்கூட. அர்த்தம் “அப்பால்”, “அந்தப் பக்கம்”, “தாண்டி”. ரோமானியர்கள் இதை “உல்ட்ரா”ன்னுதான் சொல்லியிருப்பாங்க, “அ”ங்கிற ஒலி இங்கிலீஷ் வழியா நமக்கு வந்தது.

கவனிக்க வேண்டியது, இது அளவைச் சொல்ற சொல் இல்ல, இடத்தைச் சொல்ற சொல். ஒரு கோடு இருக்கு, நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், நான் சொல்ற பொருள் அந்தப் பக்கம் இருக்கு. இந்த மூணும் இருந்தாதான் லத்தீன்காரனுக்கு உல்ட்ரா.

இந்தச் சொல் எப்படி உருவாச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பழைய லத்தீன்ல “உல்ஸ்”னு ஒரு சின்ன சொல் இருந்துச்சு, “அந்தப் பக்கம்”னு அர்த்தம், அதுக்கு ஜோடி “சிஸ்”, அதாவது “இந்தப் பக்கம்”. ரோம் நகரத்துல டைபர் ஆறு ஓடுதில்ல, அந்த ஆத்துக்கு அக்கரை இக்கரைன்னு சொல்ல இந்த ரெண்டு சொல்லையும் பயன்படுத்தினாங்க. உல்ஸ்ங்கிறதோட வேர் “அந்த”ன்னு சுட்டிக் காட்டுற ஒரு பழைய சொல், “ஒல்லுஸ்”. அது கூட “ரெண்டுல ஒண்ணு”ங்கிற பொருள் தர்ற “டெர்”ங்கிற விகுதி சேந்து, “பக்கமா”ங்கிற வேற்றுமை ஏறி, உல்ட்ரா ஆச்சு.

இப்ப தமிழைப் பாருங்க. “அ” சேய்மைச் சுட்டு, “பால்”னா பக்கம், சேந்தா அப்பால். “இ” அண்மைச் சுட்டு, சேந்தா இப்பால். லத்தீன்ல உல்ட்ராவுக்கு எதிர்ச்சொல் “சிட்ரா”, அது அச்சு அசலா நம்ம இப்பால். ரெண்டு மொழிக்கும் குடும்ப உறவு கிடையாது, ஒண்ணு இன்னொண்ணுகிட்ட கடன் வாங்கவும் இல்ல, ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி யோசிச்சு, சுட்டெழுத்தையும் பக்கத்தையும் சேத்து ஒரே அச்சுல சொல் வார்த்திருக்காங்க. அதனால அல்ட்ராவுக்குத் தமிழ்ல என்னன்னு யாராவது கேட்டா, அகராதியைத் திறக்காமலே அப்பால்னு சொல்லலாம்.

எக்ஸ்ட்ரா, இன்ட்ரா எல்லாம் இதோட உறவா?

ஆமா, ஒரே வீட்டுப் பிள்ளைங்க. எக்ஸ்ட்ரா வெளியே, இன்ட்ரா உள்ளே, சுப்ரா மேலே, இன்ஃப்ரா கீழே, சிட்ரா இப்பால், உல்ட்ரா அப்பால். எல்லாமே இடம் சொல்ற சொல்லுங்க, எல்லாத்துக்கும் கடைசியில அதே “ரா”. எக்ஸ்ட்ராவும் இப்ப “கூடுதல்”ங்கிற அர்த்தத்துக்கு நகந்துடுச்சு, அதோட அடிப்படை “வெளியே”ங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது.

அல்டிமேட், அல்டிமேட்டம், அல்டீரியர் மோட்டிவ், இதெல்லாம்?

எல்லாம் அதே வேர். “இன்னும் அப்பால்”னா உல்டீரியர், “எல்லாத்துக்கும் அப்பால், கடைசி”ன்னா உல்டிமுஸ். அல்டிமேட்னா சிறந்ததுன்னு இப்ப நினைக்கிறோம், அடிப்படையில அது கடைசி. அல்டிமேட்டம்னா கடைசி நிபந்தனை, அதுக்கப்புறம் பேச்சு இல்ல.

அல்டீரியர்ல ஒரு நல்ல கதை இருக்கு. கி.மு. 197-ல ரோமானியர்கள் ஸ்பெயின் பகுதியை ரெண்டு மாகாணமா பிரிச்சாங்க. ரோமுக்குக் கிட்ட இருந்தது ஹிஸ்பானியா சிடீரியர், தள்ளி இருந்தது ஹிஸ்பானியா உல்டீரியர். அதுல கெட்ட அர்த்தம் துளியும் இல்ல, கிட்டத்து ஸ்பெயின், தூரத்து ஸ்பெயின், அவ்வளவுதான். அப்புறம் “கண்ணுக்குத் தெரியுறதுக்கு அப்பால் இருக்குற”ங்கிற அர்த்தம் வந்து, அதுலேர்ந்து “சொல்லாம மறைச்சு வச்ச உள்நோக்கம்” வரைக்கும் போயிடுச்சு.

பெனல்டிமேட்டும் சொல்லணும். “பைனே”ன்னா கிட்டத்தட்ட, கூட உல்டிமுஸ் சேந்தா “கிட்டத்தட்ட கடைசி”, அதாவது கடைசிக்கு முந்தினது. இதை இங்கிலீஷ்ல பெரிய சொல் மாதிரி மனப்பாடம் பண்றோம், ஆனா தமிழ் இலக்கணத்துல “ஈற்றயல்”னு அழகா ஒரு சொல் எப்பவோ இருக்கு, நேரிசை ஆசிரியப்பாவுல ஈற்றயலடி முச்சீரா வரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கும்.

அல்ட்ராமரைன்னு ஒரு நீலம் இருக்கே, அதுல என்ன “அல்ட்ரா”? ரொம்ப நீலம்னா?

இல்லவே இல்ல! கடல் மாதிரி நீலம்னும் அர்த்தம் இல்ல. “கடலுக்கு அப்பாலிருந்து வந்தது”, அவ்வளவுதான். லாபிஸ் லசூலிங்கிற நீலக்கல்லை அரைச்சு இந்த நிறத்தை எடுத்தாங்க, அந்தக் கல் ஆப்கானிஸ்தானோட படக்‌ஷான் மலைப்பகுதியிலேர்ந்து வந்துச்சு, அங்கேர்ந்து எத்தனையோ கை மாறி, கடைசியா கப்பல் ஏறி இத்தாலிக்கு வரும். ஓவியருக்கு அந்தக் கல் எந்த மலையில வெட்டினதுன்னு தெரியாது, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருதுங்கிறது மட்டும் தெரியும், அதையே பேரா வச்சுட்டாங்க. அவ்வளவு விலைங்கிறதால கன்னி மேரியோட அங்கி மாதிரி முக்கியமான இடத்துக்குத்தான் பெரும்பாலும் அந்த நீலத்தை ஒதுக்கினாங்க.

1824-ல பிரான்ஸ்ல ஒரு சங்கம், இதைச் செயற்கையா மலிவா செய்யற வழி கண்டுபிடிச்சா 6,000 ஃப்ராங்க் பரிசுன்னு அறிவிச்சுது, 1828-ல ழான் பாப்டிஸ்ட் கிமேக்கு அது கிடைச்சுது. அதுக்கப்புறம் நிறம் தொழிற்சாலையிலேர்ந்து வருது, எந்தக் கடலையும் தாண்டல, ஆனா பேர்ல கடல் இன்னும் இருக்கு.

இதே “கடலுக்கு அப்பால்” வேற வேற மொழியில வேற வேற வாழ்க்கை வாழ்ந்திருக்கு. ஸ்பெயின்ல பழைய மளிகைக் கடைக்கு “உல்ட்ராமரீனோஸ்”னு பேரு, கடல் தாண்டி வந்த காபி, கோகோ, மசாலா எல்லாம் விக்கிற கடைங்கிறதால. போர்ச்சுகல் 1951-ல தன்னோட காலனிகளுக்குக் காலனின்னு சொல்றதை விட்டுட்டு “உல்ட்ராமார் மாகாணங்கள்”னு பேரு மாத்துச்சு. ஆட்சி அதே ஆட்சிதான், அங்க வாழ்ந்தவங்களுக்கு அது “அப்பால்” இல்ல, சொந்த ஊர். எந்தக் கரையில நின்னு பேசுறோம்ங்கிறதுதான் இந்தச் சொல்லுக்கு எல்லாமே.

அப்போ யார் சொல்றாங்கங்கிறதைப் பொறுத்து அர்த்தம் மாறுமா?

மாறும். அதுக்கு இதைவிட நல்ல சாட்சி “அல்ட்ராமாண்டேன்”, மலைக்கு அப்பால்னு அர்த்தம், மலைன்னா ஆல்ப்ஸ். இத்தாலியில போலோனியா பல்கலைக்கழகத்துல அந்தக் காலத்துல மாணவர்களை ரெண்டு கூட்டமா பிரிச்சிருந்தாங்க, இத்தாலிக்காரங்க சிட்ராமாண்டானி, வெளியிலேர்ந்து வந்தவங்க உல்ட்ராமாண்டானி. அதாவது மலைக்கு வடக்கே இருக்குற ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் “அப்பால்காரங்க”. அதே சொல்லைப் பிரான்ஸ்ல உக்காந்து சொன்னா தலைகீழ். அவங்களுக்கு மலைக்கு அப்பால் இருக்குறது ரோம், அங்க இருக்குறது போப்பாண்டவர். அதனால “அரசரைவிட, உள்ளூர் திருச்சபையைவிட, போப்புக்குத்தான் மேலான அதிகாரம்”னு நின்னவங்களை அல்ட்ராமாண்டேன்னு சொன்னாங்க. 1870-ல முதல் வத்திக்கான் சங்கம் போப்போட தவறாவரத்தை, அதாவது விசுவாசம், ஒழுக்கம் பத்தி அவர் அதிகாரபூர்வமா அறிவிக்கிறதுல தவறு வராதுங்கிறதைக், கோட்பாடா அறிவிச்சப்போ ஜெயிச்சது இந்தப் பக்கம்தான்.

மலை அசையல, சொல்லும் அசையல, நிக்கிற ஆள்தான் மாறினாரு.

ஸ்பெயின் கொடியில இருக்குற “ப்ளூஸ் உல்ட்ரா” என்ன?

ஜிப்ரால்டர் நீரிணையோட ரெண்டு கரையிலயும் இருக்குற பாறைகளை ஹெர்குலிஸ் தூண்கள்னு பழங்காலத்துல சொன்னாங்க. அதுதான் உலகத்தோட விளிம்பு, அதுல “நோன் ப்ளூஸ் உல்ட்ரா”, இதுக்கு அப்பால் எதுவும் இல்லைன்னு எழுதியிருந்துச்சுன்னு ஒரு கதை. கொலம்பஸ் 1492-ல அந்தத் தூண்களுக்கு அப்பால் போய்ட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் வந்த ராஜா, ஐந்தாம் சார்லஸ், 1516-ல “இன்னும் அப்பால்”ங்கிறதைத் தன் முழக்கமா எடுத்துக்கிட்டாரு, அந்த எண்ணத்தைக் கொடுத்தது லூயிஜி மர்லியானோங்கிற இத்தாலிய அறிஞர். முதல்ல அது பிரெஞ்சுல இருந்துச்சு, அப்புறம்தான் லத்தீன் ஆச்சு. “இல்லை”ங்கிற ஒரு சொல்லை எடுத்ததும் எச்சரிக்கை அழைப்பா மாறிடுச்சு, இன்னிக்கும் ஸ்பெயின் கொடியில ரெண்டு தூணும் அந்தச் சொல்லும் இருக்கு. 1926-ல ஸ்பெயின்லேர்ந்து தென் அட்லாண்டிக்கைத் தாண்டி புவெனஸ் அய்ரெஸ் போன கடல்விமானத்துக்கும் இதே பேருதான்.

அல்ட்ராவயலட்னா “ரொம்ப ஊதா”வா?

இல்ல, ஊதாவுக்கு அப்பால். 1800-ல வில்லியம் ஹெர்ஷல் வானவில் நிறங்களைப் பட்டகத்துல பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் வெப்பமானி வச்சுப் பாத்தாரு, சிவப்புக்கு வெளியே, ஒண்ணுமே தெரியாத இடத்துல சூடு அதிகமா இருந்துச்சு. இதைக் கேட்ட ஜெர்மன் விஞ்ஞானி யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், ஒரு பக்கம் இருந்தா மறுபக்கமும் இருக்கணுமேன்னு யோசிச்சு, 1801-ல வெள்ளி குளோரைடை வச்சு சோதிச்சாரு. அது வெளிச்சம் பட்டா கறுக்கும். ஊதாவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு இருட்டா தெரியுற இடத்துலதான் அது சீக்கிரமா கறுத்துச்சு. அவர் வச்ச பேரு வேற, அல்ட்ராவயலட்ங்கிற பேரு பின்னாடி வந்தது.

இங்க கோடு எதுன்னு தெளிவா தெரியும், நம்ம கண். சுமார் 400 நானோமீட்டருக்குக் கீழ அலைநீளம் போனா நமக்குத் தெரியாது. தேனீக்கு அதுல ஒரு பகுதி தெரியும், அதனால தேனீ பேர் வைக்கிறதா இருந்தா “அப்பால்” இங்க வந்திருக்காது.

தமிழ்ல புற ஊதான்னு சொல்றது சரியா?

புழங்கிப் பழகிடுச்சு, சரிதான், மாத்தணும்னு சொல்ல வரல. ஆனா ஒரு விஷயம் உறுத்தும். புற ஊதாவுக்கு ஜோடியா அகச்சிவப்புன்னு வச்சிருக்கோம். இன்ஃப்ரான்னா “உள்ளே” இல்ல, “கீழே”. அந்தக் கதிர் சிவப்புக்கு உள்ளே இல்ல, அதிர்வெண்ல சிவப்புக்குக் கீழே இருக்கு, நிறமாலைக்கு வெளியேதான் ரெண்டுமே. அகம், புறம்ங்கிற ஜோடி நம்ம காதுக்கு இனிமையா இருக்குங்கிறதால வந்திருக்கும்னு தோணுது. இலங்கைத் தமிழ்ல ஊதா கடந்த கதிர், செங்கீழ்க் கதிர்னு எழுதுவாங்க, “கடந்த”, “கீழ்” ரெண்டும் லத்தீனோட கருத்தை அப்படியே பிடிச்சிருக்கு. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அல்ட்ராசவுண்ட்?

அதே கணக்கு, இங்க கோடு காது. நமக்குக் கேக்குற எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ், அதுக்கு அப்பால் போனா அல்ட்ராசவுண்ட், தமிழ்ல மீயொலி. ஸ்கேன் மெஷின் பயன்படுத்துறது அதையும் தாண்டி சில மெகாஹெர்ட்ஸ். கிளாஸ்கோவுல இயன் டொனால்டும் அவரோட கூட்டாளிகளும் 1958-ல வெளியிட்ட கட்டுரைதான் வயித்துல இருக்குற குழந்தையைப் பாக்குற ஸ்கேனுக்கு வழி விட்டுச்சு.

ஒரு காலத்துல மீயொலிக்கு “சூப்பர்சானிக்”னும் பேரு இருந்துச்சு. ஒலியைவிட வேகமா விமானம் பறக்க ஆரம்பிச்சதும் குழப்பம் வரும்னு, சூப்பர்சானிக்கை வேகத்துக்கும் அல்ட்ராசானிக்கைக் காதுக்குக் கேக்காத ஒலிக்கும் பிரிச்சுக்கிட்டாங்க.

கோர்ட் செய்தியில வர்ற “அல்ட்ரா வைரஸ்”? நோய்க்கிருமியா?

இந்தச் சந்தேகம் நிறைய பேருக்கு வருது, தமிழ்ல எழுதினா ஒரே மாதிரி தெரியுறதால. கிருமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. “வீரேஸ்”னா பலம், அதிகாரம். உல்ட்ரா வீரேஸ்னா அதிகாரத்துக்கு அப்பால், இன்ட்ரா வீரேஸ்னா அதிகாரத்துக்குள்ளே.

1875-ல இங்கிலாந்து பிரபுக்கள் சபை (அப்போ அதுதான் அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி) ஆஷ்பரி ரயில்வே கேரேஜ் கம்பெனி வழக்குல சொன்ன தீர்ப்பு இதுல முக்கியம். அந்தக் கம்பெனியோட சாசனத்துல ரயில் பெட்டி செய்யறது விக்கிறது மாதிரி வேலைகள்தான் இருந்துச்சு, அவங்க பெல்ஜியத்துல ரயில் பாதை போடுறதுக்குப் பணம் தர்ற ஒப்பந்தம் போட்டாங்க. அது சாசனத்துக்கு அப்பால், அதனால செல்லாது, பங்குதாரர்கள் அத்தனை பேரும் கூடி சம்மதிச்சாலும் செல்லாதுன்னு தீர்ப்பு. இங்க “ரொம்ப அதிகாரம்”னு அர்த்தம் எடுத்தா தலைகீழாப் போயிடும் பாருங்க, அந்த விஷயத்துல அதிகாரமே இல்லைங்கிறதுதான் பொருள்.

அவுட்ரேஜ்ங்கிறதும் இந்தக் குடும்பமாமே?

ஆமா! அவுட் ப்ளஸ் ரேஜ், வெளியே வர்ற கோபம்னு நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். உண்மையில உல்ட்ரா பழைய பிரெஞ்சுல தேஞ்சு “ஊத்ர்” ஆச்சு, அதோட “ஆஜ்”ங்கிற விகுதி சேந்து ஊத்ராஜ். எல்லை மீறின செயல்னு அர்த்தம். இங்கிலீஷ்காரங்க காதுல அது அவுட், ரேஜ்னு ரெண்டு சொல்லா விழுந்து, கோபங்கிற அர்த்தமும் பின்னாடியே ஒட்டிக்கிச்சு.

சரி, “அப்பால்” எப்போ “ரொம்ப” ஆச்சு?

அரசியல்லதான் அது பளிச்சுன்னு தெரியுது. நெப்போலியன் விழுந்தப்புறம், 1815-லேர்ந்து பிரான்ஸ்ல மறுபடி மன்னராட்சி. அங்க ஒரு கூட்டம் ராஜாவைவிட தீவிரமா ராஜ விசுவாசம் பேசுச்சு, புரட்சி கொண்டுவந்த எதையும் விட்டு வைக்கக் கூடாதுன்னு. அவங்களை அல்ட்ரா ராயலிஸ்ட்னு சொன்னாங்க, சுருக்கமா அல்ட்ராஸ். அவங்களுக்குப் பிடிச்ச ராஜா பத்தாம் சார்லஸ் 1830 புரட்சியில மகுடத்தை இழந்ததோட அந்தக் கூட்டம் போச்சு, சொல் தங்கிடுச்சு. கட்சி எதுவா இருந்தாலும் அதோட எல்லையைத் தாண்டின ஆளுக்கு அல்ட்ரான்னு பேரு. பின்னாடி இத்தாலியில கால்பந்து ரசிகர் கூட்டங்களும் 1960-களோட கடைசியிலேர்ந்து அந்தப் பேரை எடுத்துக்கிட்டாங்க.

கோட்டைத் தாண்டினவன் அல்ட்ராங்கிறது மெதுவா, அளவுக்கு மீறினவன், அப்புறம் ரொம்ப அதிகம்னு ஆயிடுச்சு. இது லத்தீனுக்கு மட்டும் நடந்தது இல்ல. சமஸ்கிருதத்துல “அதி”ன்னாலும் தாண்டிங்கிற பொருள் இருக்கு, “அதீதம்”னா தாண்டிப் போனது. இன்னிக்கு நாம அதிவேகம், அதிநவீனம்னு சொல்றப்போ தாண்டுறதா தெரியுது? ரொம்பங்கிறது மட்டும்தான் மிச்சம். அல்ட்ரா மாடர்னும் அதிநவீனமும் ஒரே பாதையில நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்குங்க.

சூப்பர், அல்ட்ரா, ஹைப்பர், இதுல எது பெருசு?

சொல் கணக்குல பெருசு சின்னது கிடையாது. சூப்பர் லத்தீன்ல “மேலே”, ஹைப்பர் கிரேக்கத்துல “மேலே”, ரெண்டும் சகோதரச் சொற்கள். அல்ட்ரா “அப்பால்”. ஆனா ரேடியோ அலைவரிசையைப் பாத்தா வெரி ஹை 30-லேர்ந்து 300 மெகாஹெர்ட்ஸ், அதுக்கு மேல 3,000 வரைக்கும் அல்ட்ரா ஹை, அதுக்கும் மேல சூப்பர் ஹை. இங்க சூப்பர்தான் பெருசு! கடையில பேர் வைக்கிறவங்க சூப்பருக்கு மேல அல்ட்ரான்னு வைப்பாங்க. ஏற்கனவே வச்ச பேரைத் தாண்டி இன்னொண்ணு வேணும்ங்கிறப்போ கைக்குக் கிடைச்ச ஒட்டைப் போட்டதால வந்த வரிசை இது.

“அல்ட்ராக்ரெபிடேரியன்”னு ஒரு சொல் பாத்தேன், நிஜமா இருக்கா?

இருக்கு, தெரியாத விஷயத்துல கருத்து சொல்ற ஆள்னு அர்த்தம். அபெல்லிஸ்ங்கிற கிரேக்க ஓவியர் தன் படத்தை வெளியில வச்சுட்டு மறைஞ்சு நின்னு கேப்பாராம். ஒரு செருப்புத் தைக்கிறவர் செருப்புல ஒரு குறை சொன்னாரு, இவர் திருத்திட்டாரு. மறுநாள் அந்த ஆள் படத்துல இருந்த உருவத்தோட காலையும் குறை சொல்ல ஆரம்பிக்க, செருப்புக்கு மேல போகாதேன்னு ஓவியர் சொல்லிட்டாராம். லத்தீன்ல “க்ரெபிடா”ன்னா செருப்பு. இதை எழுதி வச்ச ரோமானிய எழுத்தாளர் ப்ளைனி “சுப்ரா”ன்னுதான் எழுதினாரு, பின்னாடி வந்தவங்க வாயில உல்ட்ரா ஆயிடுச்சு. 1819-ல வில்லியம் ஹாஸ்லிட்ங்கிற கட்டுரையாளர் வில்லியம் கிஃப்போர்டுங்கிற பத்திரிகை ஆசிரியரைத் திட்ட இந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரு, கிஃப்போர்டு சின்ன வயசுல செருப்புத் தைக்கிறவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவர். செருப்புத் தைக்கிறவருக்கும் கால் எப்படி இருக்கும்னு நல்லாவே தெரியும்ங்கிறது என் எண்ணம்.

ரெண்டாம் உலகப்போர்ல வர்ற அல்ட்ரா?

இங்கிலாந்தோட குறியீடு உடைக்கிற மையமான பிளெட்ச்லி பார்க்ல, ஜெர்மன்காரங்களோட எனிக்மா இயந்திரத்துல எழுதின மாதிரி ரகசியக் குறியீடுகளை உடைச்சு எடுத்த தகவல்களுக்கு வச்ச பேரு. அப்ப இருந்த உச்ச ரகசிய வகைக்கும் அப்பால்ங்கிறதால. 1974 வரைக்கும் பொதுமக்களுக்கு இது தெரியாமலே இருந்துச்சு.

ஒரு சொல்லுல அல்ட்ரா “அப்பால்”ஆ “ரொம்ப”வான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோடு எங்கன்னு கேளுங்க. அல்ட்ரா மாரத்தான்னா கோடு 42.195 கிலோமீட்டர், அதைத் தாண்டினா போதும், அப்போ அது அப்பால். அல்ட்ராவயலட்டுக்குக் கண், அல்ட்ராசவுண்டுக்குக் காது, அல்ட்ரா வீரேஸுக்குச் சட்டம். அல்ட்ரா ஸ்லிம், அல்ட்ரா சாஃப்ட்னு சொன்னா கோட்டைக் காட்ட முடியாது, அது வெறும் ரொம்ப. தமிழ்ல மொழிபெயர்க்கிறப்போ முதல் வகைக்கு “கடந்த”, “அப்பால்”, “மீ” போடலாம், ரெண்டாவதுக்கு “மிக” போதும், அதுக்கு இவ்வளவு பழைய சொல்லை எழுப்ப வேண்டியதில்ல.